லாட்டை யார் நிறுத்தலாம்?

சிப் கம்பெனிகளில் எது நல்ல கம்பெனி என்று மரக்காணம் பக்கத்துப் பாலிடெக்னிக் பிள்ளைகள் கேட்பார்கள். சம்பளம், விசா, கேன்டீன் என்றுதான் பேச்சு போகும். வேண்டாத படலத்தை அரித்தெடுக்கும் எட்ச் பிரிவில் கருவிகளைப் பராமரிக்கும் பொறியாளனாக ஓர் அமெரிக்கக் கம்பெனியிலும் பிறகு ஒரு தைவான் கம்பெனியிலும் வேலை பார்த்தவன் நான். அவர்களை வேறொன்றைக் கேட்டுப் பார்க்கச் சொல்வேன்: ராத்திரி ஷிஃப்டில் சந்தேகம் வந்தால் லாட்டை யார் நிறுத்தலாம்?

லாட் என்பது 25 வேஃபர்கள், அதாவது சிப்புகள் உருவாகும் சிலிக்கான் தகடுகள், அடங்கிய ஒரு பெட்டி. கூரையை ஒட்டி ஓடும் தண்டவாளத்தில் தொங்கியபடி கருவி கருவியாகச் சென்று, பல நூறு கட்டங்களைக் கடந்து முடிய ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். நடுவில் எங்கோ வாயுவின் அழுத்தம் கொஞ்சம் பிசகினால் கருவி நின்றுவிடாது. வேஃபரும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். கோளாறு வெளிப்படச் சில சமயம் வாரக்கணக்கில் ஆகும்; அதற்குள் எத்தனையோ லாட்டுகள் அதே கருவியைத் தாண்டியிருக்கும். கெட்ட செய்தி சீக்கிரம் போய்ச் சேர்வதில்தான் இங்கே லாப நஷ்டமே இருக்கிறது.

உப்பளத்து வீட்டில் வளர்ந்தவனுக்கு இது புதிதல்ல. பக்கிங்காம் கால்வாய் வந்து முடிகிற ஊர் எங்களுடையது. பாத்தியில் தண்ணீர், உப்புச் செறிவைச் சொல்லும் போமே அளவில் 25 டிகிரியைத் தொட்டால் உப்பு விழத் தொடங்கும். 30-ஐ நெருங்க விட்டால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும், மூட்டையில் நீர் விடும். அதற்கு முன்னால் மிச்சத் தண்ணீரை வடித்தாக வேண்டும். பக்கத்துப் பக்கத்து அளங்களுக்கு வெயிலும் காற்றும் தண்ணீரும் ஒன்றுதான். ஆனாலும் ஒன்றில் உப்பு வெள்ளையாக வரும், அடுத்ததில் மங்கும். ஓர் அளத்தில், பாத்திக்குள் நிற்கும் என் அம்மா “மேஸ்திரி, தண்ணி முத்திடுச்சு, வடிச்சிடலாம்” என்றால் உடனே வடித்துவிடுவார்கள். அடுத்த அளத்தில் குத்தகைக்காரர் வந்து பார்க்கும்வரை காத்திருப்பார்கள்.

சிப் தொழிலிலும் கருவி எல்லோருக்கும் ஒன்றுதான். சிப்பின் நுண்ணிய வடிவத்தை ஒளியால் பதிக்கும் இ.யு.வி. லித்தோகிராஃபி கருவியை உலகத்திலேயே நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். மட்டும்தான் செய்கிறது. இன்டெல், சாம்சங், டி.எஸ்.எம்.சி. மூன்றும் அங்கேதான் வாங்குகின்றன. தேறும் சிப்புகளின் கணக்கு மட்டும் ஒன்றாக இருப்பதில்லை. அதற்குக் காரணங்கள் பல. வேலையிடத்துப் பழக்கம் அவற்றில் ஒன்று.

இன்டெலின் பழக்கத்தை வடித்தவர், அதை நெடுநாள் நடத்திய ஆண்ட்ரூ குரோவ். 1971-ல், காலை 8.05-க்கு மேல் வருகிறவர்கள் கையெழுத்திட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று ஒரு ஏடு வைத்தவர். ஆனால் அதே இடத்தில், கையில் தரவு இருந்தால் மேலாளரோடு முகத்துக்கு நேரே வாதாடலாம், வாதாட வேண்டும் என்பதும் விதி. இன்னொரு விதியும் உண்டு: ஒரு ஆலையில் தேறிய முறையை மற்ற ஆலைகள் குழாயின் அளவுகூட மாறாமல் அப்படியே நகலெடுக்க வேண்டும். நான் இருந்த அமெரிக்கக் கம்பெனியிலும் இந்தச் சாயல் இருந்தது. டெக்னீஷியன் லாட்டை நிறுத்திவிட்டுக் காலைக் கூட்டத்தில் மேலாளரை மடக்குவார்; யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் ஒரு வால்வை மாற்ற ஒப்புதல் கேட்டால், காகிதம் மாதக்கணக்கில் மேசை மேசையாக அலையும்.

தைவானின் டி.எஸ்.எம்.சி.யை 1987-ல் தொடங்கிய மோரிஸ் சாங், அதற்கு முன் 25 ஆண்டுகள் அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் இருந்தவர். இரவு ஒரு மணிக்குக் கருவி பழுதானால் அமெரிக்காவில் மறுநாள் காலையில் சரிசெய்வார்கள், தைவானில் இரண்டு மணிக்கே சரியாகிவிடும் என்று சொன்னவரும் அவரே. 2014-ல் அந்தக் கம்பெனி ஆராய்ச்சிப் பிரிவையே கூடுதல் சம்பளத்தோடு இரவு பகலாக ஷிஃப்டில் ஓடவிட்டது. அரிசோனாவில் ஆலை கட்டப்போனபோது அங்கே இந்தப் பழக்கம் முட்டிக்கொண்டது. திறமையான ஆட்கள் போதவில்லை என்று சொல்லி 2023-ல் உற்பத்தியை ஓராண்டு தள்ளிவைத்தார்கள், தைவானிலிருந்து ஆட்களை வரவழைத்தார்கள்.

எனக்கு வாய்த்த தைவான் கம்பெனியில் தலையணைக்குப் பக்கத்தில் போன் இருந்தாக வேண்டும். நான் போய்ச் சேர்வதற்குள் கருவிக்கு அடியில் மூன்று பேர் படுத்திருப்பார்கள். விடியுமுன் கருவி ஓடும். ஆனால் கூட்டத்தில் மூத்தவர் ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டால், அதற்கு மாறாக எதையாவது கண்ட இளைஞர் வாய் திறக்க மாட்டார். சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்து அழுத்தத்தின் வரைபடத்தை மெல்லக் காட்டுவார்.

ஆக, நான் பார்த்தவரையில் ஓரிடத்தில் செய்தி விரைவாக மேலே போகும், மருந்து மெதுவாக இறங்கும். இன்னோரிடத்தில் மருந்து விரைவு, செய்திதான் தயங்கும். இரண்டு பக்கத்தாரும் தங்கள் ஒழுங்கே உயர்ந்தது என்பார்கள். நேர ஏட்டையும் இரவு அழைப்பையும் வைத்து அதை அளக்க முடியாது.

நம் ஊருக்கு இந்தக் கேள்வி அவசரமானது. மறைமலை நகரில் ஸ்பெல் நிறுவனம் சிப்புகளை உறையிட்டுச் சோதிக்கும் வேலையைப் பல்லாண்டுகளாகச் செய்கிறது. குஜராத்தின் தோலேராவில் தைவானின் பி.எஸ்.எம்.சி. துணையோடு டாடா கட்டும் ஆலைக்கு 2024 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். தொழில்நுட்பம் வரும்போது தைவானின் வேகமும் கூடவே வரும். நம்மிடம் ஏற்கெனவே ‘சார் சொன்னா சரி’ இருக்கிறது. சாம்சங்கின் ஸ்ரீபெரும்புதூர் வீட்டுச் சாதன ஆலையில் 2024-ல் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்ததற்கு முக்கியக் காரணம், சங்கத்தை அங்கீகரிக்கக் கேட்டதுதான். தன் பேச்சு கணக்கில் சேருமா என்ற கேள்வி நம் தொழிலாளிக்கு இன்னும் தீரவில்லை. வேகத்தையும் தயக்கத்தையும் சேர்த்து ஒரே ஆலைக்குள் வைத்தால், கெட்ட வேஃபர்களைத்தான் வேகமாகச் செய்வோம்.

அதனால்தான் நேர்முகத் தேர்வின் கடைசியில் “ஏதாவது கேட்கணுமா?” என்பவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேளுங்கள் என்கிறேன். ‘யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம்’ என்றுதான் எல்லாக் கம்பெனியும் சொல்லும். அத்தோடு விடாமல், ராத்திரி நிறுத்தியவரிடம் காலையில் முதலில் என்ன கேட்பீர்கள் என்றும் கேட்க வேண்டும். ‘ஏன் நிறுத்தினே?’ என்பது பதிலானால் யோசித்துச் சேருங்கள். ‘என்ன பார்த்தே?’ என்றால் சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் சேரலாம்.