பனிக்காலத்துப் பணியாடை

'ஆள்பாதி ஆடைபாதி' என்பது நம் நாட்டார் வழக்கு. சமவெளியில் வாழும் நாம் இப்பழமொழியைத் தோற்றத்தோடு மட்டும் பொருத்திப் பார்க்கிறோம். துவைத்துத் தேய்த்த சட்டையும் மடிப்புக் கலையாத புடவையும் ஒருவருக்கு மதிப்பைத் தேடித்தரும் என்பதே நாம் அதற்குக் கொண்ட பொருள். மலைநாட்டிலோ இதற்கு மற்றொரு பொருளும் உண்டு. அங்கே பனிக்காலத்தில் தக்க ஆடையில்லாதவர் உண்மையாகவே பாதி ஆள்தான். விரல் மரத்துப்போனவரால் எழுத இயலாது. பல் கிட்டிப்போனவரால் பேச இயலாது. பணியிடத்தில் ஆடை என்பது அழகுக்கு முன்பே கடமைக்குத் துணை நிற்கும் பொருள் என்பதை எனக்குக் கற்பித்தது நீலகிரி மலை.

பெரும்பொழுதை ஆறாகப் பகுத்த தமிழர், ஐப்பசி கார்த்திகையைக் கூதிர் என்றும், மார்கழி தையை முன்பனி என்றும், மாசி பங்குனியைப் பின்பனி என்றும் வழங்கினர். தொல்காப்பியர் கூதிரையும் முன்பனியையும் குறிஞ்சி நிலத்துக்கு உரியவாக்கினார். கடலோர ஊரொன்றில் நெய்தல் நிலத்து மகளாய்ப் பிறந்த எனக்கு இப்பாகுபாடு தேர்வுக்குரிய செய்தியாக மட்டுமே இருந்தது. 2005-ஆம் ஆண்டில் உதகமண்டலத்தில் விரிவுரையாளர் பணி கிடைத்தபோதுதான் அந்நூற்பாவுக்குள் ஒரு மலையும், அம்மலைக்குள் ஒரு குளிரும் இருப்பதை உணர்ந்தேன். "நம்மூரு மார்கழி மாதிரித்தானேம்மா இருக்கும்?" என்று உம்மா கேட்டார்கள். வாப்பா ஒன்றும் கேளாமல் கடைத்தெருவுக்குச் சென்று இரண்டு கனத்த கம்பளிப் போர்வைகளை வாங்கி வந்தார்கள். போர்வை உறங்குபவருக்கு உதவும். எழுந்து பணிக்குச் செல்பவருக்கு என்ன உதவும் என்பதை அறிந்தவர் எங்கள் வீட்டில் எவரும் இலர்.

மலை கற்பித்த பாடம்

உதகை கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் உள்ளது. தை மாதத்து விடியற்காலையில் புல்வெளிகளில் உறைபனி வெள்ளை விரித்தாற்போல் படிந்திருக்கும். கதிரவன் ஏறியபின் வெளியே இதமான வெயில் அடிக்கும். ஆனால் தடித்த சுவர்களையுடைய பழைய கட்டடங்களுக்குள் குளிர் நண்பகல் வரையிலும் குடியிருக்கும். ஆதலால் அங்கே அலுவலகம் செல்பவர் ஒரே நாளில் இரண்டு பருவங்களுக்கு உடுத்த வேண்டியவராகிறார்.

அக்கலையை எனக்குக் கற்பித்தவர் படுகர் சமூகத்தைச் சேர்ந்த மூத்த பேராசிரியை ஒருவர். நாங்கள் அனைவரும் அவரை அக்கா என்றே அழைப்போம். "தடியா ஒரு ஸ்வெட்டர் வாங்காதே; மெல்லிசா ரெண்டு வாங்கு" என்பது அவர் தந்த முதல் அறிவுரை. அதன் காரணத்தையும் அவரே விளக்கினார். கம்பளி தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. நம் உடலின் வெப்பத்தை வெளியேற விடாமல் காப்பதே அதன் தொழில். சுருள்சுருளான கம்பளி இழைகளுக்கிடையே காற்று அசையாமல் தங்குகிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. இரண்டு மெல்லிய ஆடைகளுக்கு நடுவே மேலும் ஓர் அடுக்குக் காற்று சிறைப்படுகிறது. வெயில் ஏறினால் ஒன்றைக் கழற்றலாம். மாலையில் மூடுபனி இறங்கினால் மீண்டும் அணியலாம். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை உள்வாங்கிக்கொண்டும் நனைந்த உணர்வைத் தராது. பருத்தியோ நனைந்தால் உடலோடு ஒட்டிக்கொண்டு குளிரை வளர்க்கும்.

அழகு பற்றியும் அக்காவிடம் தெளிவான கொள்கை இருந்தது. தலைவழியே அணியும் ஸ்வெட்டர் புடவையின் மடிப்பைக் குலைக்கும். முன்புறம் பொத்தான் வைத்ததே புடவைக்கு ஏற்றது. உடலோடு பொருந்தியிருக்க வேண்டும். இறுக்கக் கூடாது, தொளதொளவென்று தொங்கவும் கூடாது. கருநீலம், சாம்பல், அரக்கு ஆகிய மூன்று நிறங்களில் ஒன்றைத் தேர்ந்தால் பெட்டியிலுள்ள பெரும்பாலான புடவைகளுக்கு அது இணையும். இரவிக்கையை முழுக்கையாகத் தைத்துக்கொண்டால் பாதிக் குளிர் நீங்கும். செருப்பை விடுத்துக் காலுறையும் மூடிய காலணியும் அணிய வேண்டும். 'புடவைக்குக் காலுறையா' என்று நகைப்பவர் மலைக்கு இரண்டு நாள் சுற்றுலா வந்தவராகவே இருப்பார். முக்காட்டுக்கு மெல்லிய கம்பளித் துணியைத் தேர்ந்துகொண்டபோது, என் நாணத்தைக் காத்த அதே துணி என் காதுகளையும் காத்தது. கம்பளி ஆடையைக் கொடியிலோ ஆணியிலோ தொங்கவிட்டால் நீண்டு உருக்குலையும் என்பதும், குளிர்ந்த நீரில் அலசிப் படுக்கையாக விரித்து உலர்த்தி, வேப்பிலையிட்டு மடித்து வைக்க வேண்டும் என்பதும் அவர் தந்த பிற பாடங்கள்.

இவ்வாடைகளுக்குப் பெருஞ்செலவு ஆகவில்லை. உதகையின் திபெத்தியர் கடைகளில் லூதியானா ஆலைகளின் ஸ்வெட்டர்கள் எளிய விலைக்குக் கிடைத்தன. 1959-க்குப் பின் தாயகம் இழந்து இந்நாட்டில் தஞ்சம் புகுந்த மக்கள், பிறருக்குக் கதகதப்பை விற்றுத் தாம் வாழ வழிதேடிக்கொண்டனர் என்பதை எண்ணும்போதெல்லாம் என் மனம் நெகிழும். தோடர் பெருமக்களின் பூத்துக்குளியையும் குறிப்பிடாமல் இருத்தல் ஆகாது. வெண்ணிறத் தடித்த துணியில் சிவப்பும் கறுப்புமாக அவர்கள் இழைக்கும் பூவேலை 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. குளிரைத் தடுக்கும் துணி அழகாகவும் இருக்கலாம் என்பதை அம்மலையின் தொல்குடியினர் வழிவழியாக மெய்ப்பித்து வந்துள்ளனர்.

நக்கீரர் காட்டும் வேந்தன்

உதகையில் நெடுநல்வாடையைக் கற்பித்த ஆண்டுகள் மறக்கவொண்ணாதவை. 188 அடிகளாலான அப்பாட்டின் தொடக்கத்தில் கோவலர் கை காய்ச்சி நடுங்கும் காட்சியை விளக்க அங்கே எனக்குச் சொற்கள் தேவைப்படவில்லை. மாணவியர் தத்தம் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தனர். ஆயினும் என்னைப் பெரிதும் கவர்ந்தது பாட்டின் இறுதிப் பகுதியே. நள்ளிரவு, வாடைக்காற்றில் பாசறை விளக்குகள் அசைகின்றன, தூறல் ஓயவில்லை. வேந்தன் உறங்காமல் எழுந்து, நழுவும் மேலாடையை இடப்பக்கம் தழுவிக்கொண்டு, புண்பட்ட வீரரைக் காண நடக்கிறான். அவனைப் பாண்டியன் நெடுஞ்செழியன் எனக் கொள்வர். குளிரில் பணியிடத்தில் நிற்கும் ஒரு தலைவனின் ஓவியம் இது. தன் துகில் நழுவுவது அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. தன் கீழ்ப் பணிபுரிவோர் அவ்விரவை எவ்வாறு கழிக்கின்றனர் என்பதே அவனுடைய கவலை.

இவ்வேந்தனை நான் மீண்டும் மீண்டும் நினைக்க நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2008-ஆம் ஆண்டு தை மாதத்தில் ஊதியம் தொடர்பான பணிக்காக மலையிலிருந்த அலுவலகம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். பதிவறையில் தொகுப்பூதியத்தில் பணிபுரிந்த பெண்மணிக்கு ஐம்பது வயது இருக்கலாம். முழங்கை நைந்த ஆண்கள் ஸ்வெட்டர் ஒன்றை அணிந்து, காதுகளை மூடி மப்ளர் கட்டியிருந்தார். அன்று மேலதிகாரிகள் ஆய்வுக்கு வரும் நாள். நல்ல கம்பளிக் கோட்டு அணிந்த அலுவலர் ஒருவர் அவரைப் பார்த்து, "இது ஆபீசா, தேயிலைத் தோட்டமா? அதையெல்லாம் கழற்றிட்டு வாங்க" என்றார். அவர் மறுமொழி கூறாமல் கழற்றி, மடித்து, மேசைக்கு அடியில் வைத்தார். நான் என் சால்வையை நீட்டினேன். "வேணாம் டீச்சர், பன்னெண்டு மணிக்கு வெயில் வந்துரும்" என்று கூறிவிட்டு, எனக்குரிய சீட்டை எழுதித் தந்தார். அதிலிருந்த எழுத்துகள் நடுங்கியிருந்தன.

அந்த அலுவலர் விரும்பியது அலுவலகத்துக்குரிய நேர்த்தி. நேர்த்தி வேண்டுவதே. ஆனால் இரண்டாவது ஸ்வெட்டர் வாங்க இயலாத ஒருவரிடம் இருக்கும் ஒன்றையும் கழற்றச் சொல்வதால் வருவது நேர்த்தியன்று. இதில் ஒரு முரணும் உண்டு. இன்று நாம் அலுவலகத்துக்குரியது என மதிக்கும் கோட்டும் கழுத்துப்பட்டையும் குளிர்நாட்டார் தம் குளிருக்காகக் கண்ட உடைகளே. அவற்றைச் சென்னை வெயிலிலும் மதிப்பின் அடையாளமாக அணிகிறோம். வழக்கறிஞர்களின் கறுப்புக் கோட்டு இதற்குச் சான்று. குளிரே இல்லாத இடத்தில் கம்பளிக் கோட்டு கண்ணியமாகிறது. குளிர் நடுக்கும் இடத்தில் ஏழையின் ஸ்வெட்டர் கண்ணியக் குறைவாகிறது. எது அலுவலக உடை என்பதைத் தட்பவெப்பம் தீர்மானிக்கவில்லை. அணிபவரின் பதவியே தீர்மானிக்கிறது.

காஷ்மீரத்து அங்கி

இது நம் மலைக்கு மட்டும் உரிய செய்தியன்று. காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் நாற்பது நாள்கள் கடுங்குளிர் நிலவும். 'சில்லை கலான்' என அதனை வழங்குவர். அந்நாள்களில் ஆடவரும் பெண்டிரும், முஸ்லிம்களும் பண்டிதர்களும் அணிவது 'ஃபெரன்' எனப்படும் நீண்ட தொளதொளப்பான கம்பளி அங்கி. அதன் உள்ளே மெல்லிய துணியில் அதே வடிவில் இன்னோர் அங்கி. அக்கா சொன்ன இரண்டடுக்கு அங்கேயும் உண்டு. பிரம்புக் கூடையில் பொதிந்த மண்சட்டியில் தணல் இட்டு, 'காங்கிரி' என்னும் அக்கணப்பைக் கையிலேந்தி அங்கிக்குள் வைத்துக்கொள்வர். 2018 டிசம்பரில் வட காஷ்மீரின் வட்டாரக் கல்வி அலுவலகம் ஒன்று, அலுவலகத்துக்கு வருவோர் ஃபெரன் அணியக் கூடாதென ஆணை பிறப்பித்தது. மக்களிடையே கடும் எதிர்ப்பு எழவே ஆணை திரும்பப் பெறப்பட்டது. டிசம்பர் 21-ஐ 'ஃபெரன் நாள்' எனக் கொண்டாடும் வழக்கமும் அங்கே ஏற்பட்டுள்ளது. தையற்கலைஞர்கள் அதே அங்கியை அலுவலகத்துக்கேற்ற அளவான வெட்டில், அடர்நிற ட்வீட் துணியில் தைத்துத் தருகின்றனர். மரபை விலக்காமலே நேர்த்தியை எய்தலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மலைக்கோ காஷ்மீருக்கோ செல்லாத மாணவ மணிகளுக்கும் இச்செய்தி பயன்படும். நாளை நீங்கள் பணிபுரியப்போகும் குளிர்சாதன அலுவலகங்களில் ஆண்டு முழுவதும் பனிக்காலம்தான். நெதர்லாந்து ஆய்வாளர் இருவர் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, அலுவலகக் கட்டடங்களின் வெப்பநிலை அளவுகோல் 1960-களில் வகுக்கப்பட்டதென்றும், 40 வயதும் 70 கிலோ எடையும் உடைய ஓர் ஆணின் உடல்வெப்பமே அதற்கு அடிப்படை என்றும் எடுத்துக்காட்டியது. பெண்களின் உடல் வெளிவிடும் வெப்பம் பொதுவாக அதனினும் குறைவு. எனவே அலுவலகத்தில் துப்பட்டாவை இறுகப் போர்த்தி அமர்ந்திருக்கும் பெண்ணைச் சோம்பல் உடையவள் என எவரும் எண்ணற்க. அளவாகத் தைத்த மெல்லிய கம்பளி மேலாடை ஒன்றைப் பணியிடத்து மேசையிலேயே வைத்துக்கொள்க.

போர்வை ஈந்தோர்

தமிழ் மரபும் இசுலாமிய மரபும் போர்வையைப் பற்றிக் கூறும் செய்திகள் இரண்டினை ஈண்டு இணைத்துக் காண விழைகிறேன். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைக் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக நம் புலவர் போற்றினர். மயில் அதனை உடுத்தாது என்பதை அறிந்தே அவன் ஈந்தான் என்பது பரணர் கருத்து. தமக்குமுன் கவிபாடிய கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் தம் மேலாடையையே அளித்தார்கள் என்பது நம் கடலோர ஊர்களில் சிறுவரும் அறிந்த வரலாறு. அப்பாடலுக்குப் 'புர்தா', அதாவது போர்வை, என்னும் பெயர் வழங்குவதும் அதனால்தான். இரண்டு வரலாறுகளிலும் உயர்ந்த இடத்தில் இருந்தவர் தம் தோளிலிருந்ததை எடுத்துப் பிறர் தோளில் இட்டார். பிறர் தோளில் இருந்ததைக் கழற்றச் சொன்னவரை எந்த மரபும் பாடவில்லை.

ஆதலின் இம்மலரைப் படிக்கும் பெரியோர்களுக்கும் இளையோர்க்கும் ஒரு வேண்டுகோள். பனிக்காலத்துக்கு அழகாக உடுத்துங்கள்; நிறம் பொருந்த, அளவு பொருந்த, கதகதப்பாக உடுத்துங்கள். அது வீண் பகட்டன்று. பணிக்கு நாம் செய்யும் மரியாதை. அத்துடன் ஐப்பசி பிறக்கும்போதே உங்கள் அலுவலகத்தின் இரவுக் காவலருக்கும், விடியலில் வந்து கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்கும், பதிவறையில் இருப்பவருக்கும் நல்லதொரு ஸ்வெட்டர் இருக்கிறதா எனக் கேட்டறியுங்கள். இல்லையெனில் வாங்கிக் கொடுங்கள். கிழிந்த பழையதைக் கொடுத்தல் வேண்டா. அலுவலகத்துக்கு அணிந்துவரத்தக்க புதியதாக, அவருக்குப் பிடித்த நிறத்தில் கொடுங்கள். அதனை அவர் எவர் முன்னும் கழற்ற நேராதவாறு பார்த்துக்கொள்வதும் நம் கடமையே.