வேற்றுகிரகவாசியை இழுத்துப்போன உப்புவெளி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியிலிருந்து மேற்கே இரண்டு மணி நேரம் காரில் போனால், பனி கொட்டியதுபோல் ஒரு வெள்ளைவெளி. பனியல்ல, அத்தனையும் உப்பு! ‘இண்டிபெண்டன்ஸ் டே’ (1996) படத்தில், மயங்கிய வேற்றுகிரகவாசியைப் பாராசூட்டில் சுருட்டி, வில் ஸ்மித் புலம்பிக்கொண்டே இழுத்து வருவாரே... அந்த பானவில் உப்புவெளிதான் இது. வெள்ளை மாளிகையே வெடித்துச் சிதறும் படத்தில், எனக்குப் பிடித்தது இந்த வெயிலும் புலம்பலும்தான்.

பக்கத்திலேயே வெண்டோவர் விமானத்தளம். படப்பிடிப்பு இங்கும் நடந்தது. ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீசிய ‘எனோலா கே’ விமானத்தின் குழு பயிற்சி பெற்றதும் இங்கேதான். அந்த விமானக் கொட்டகை இன்றும் நிற்கிறது. திரையில் நகரங்கள் எரிவதைப் பாப்கார்ன் கொறித்தபடி ரசித்தவர்களுக்கு, அதன் வாசலில் பேச்சு நின்றுபோகும்.

குளிர்காலத்தில் உப்பின் மேல் தண்ணீர் தேங்கிவிடும், கோடையில் போங்கள். கூலிங்கிளாஸ் அவசியம்!