புயலுக்கும் வெயிலுக்கும் ஒரு சுவர்

தருமபுரி மாவட்டத்து ஏரியூர் கடலறியா ஊர். எம் ஊரார் கண்ட பெருநீர்ப்பரப்பு மேட்டூர் அணையின் தேக்கம் ஒன்றே. நாகமரைத் துறையில் நின்று எதிர்க்கரைப் பண்ணவாடியை நோக்குங்கால், 1934-ஆம் ஆண்டில் அணை கட்டி முடிந்தபின் நீருள் அமிழ்ந்த ஊர்களைப் பற்றி முதியோர் எடுத்துரைப்பர். நீர் வற்றிய கோடையில் பழைய சிவன்கோயிலின் நந்தி தலைகாட்டுவதும் உண்டு. நீர் வீட்டைக் கொள்ளுதலை எம்மவர் அறிவர். காற்று வீட்டைக் கொள்ளுதலோ எமக்குச் செய்தித்தாளிற் படித்த செய்தியாகவே இருந்தது.

வெயிலை மட்டும் யாம் நன்கறிவோம். கான்கிரீட்டுத் தளமிட்ட எம் இல்லத்தில், சித்திரைத் திங்கள் இரவு பத்து மணிக்குச் சுவரிற் கைவைப்பின், அடுப்பணைத்த தோசைக்கல் நினைவுக்கு வரும். கட்டிலைத் தூக்கி வாசலிற் போடுதல் எம் தெருவின் கோடை வழக்கம். மலையடிவாரத்து மாணவர் நெய்தல் நிலத்து வீடுகளைப் பற்றி எழுதப் புகுந்ததென்னை என வினவும் அன்பர்க்கு, அவ்வெயிலே எம்மை அவ்வழிச் செலுத்திற்று என்போம்.

சென்ற தை விடுமுறையில், உடன் பயிலும் நண்பர் ஒருவர் அழைப்பிற்கிணங்கி, வேதாரணியத்திற்கு வடக்கேயுள்ள அவர்தம் மீனவர் குப்பத்தில் நான்கு நாட்கள் தங்கினோம். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப்பின் கட்டித் தரப்பட்ட வீடு அது. ஏறத்தாழ 325 சதுர அடி. கூடம், ஓர் அறை, சமையற்கட்டு. சுவரும் தளமும் உறுதியானவையே. ஆயினும் வீட்டின் முன்னே கீற்றுக் கொட்டகை ஒன்று வேயப்பட்டிருந்தது. நண்பரின் பாட்டியார் உண்பதும் உறங்குவதும் வலைக்கு முடிச்சிடுவதும் அதன் கீழ்த்தான். வீட்டினுள்ளே அவர் சென்று யாம் கண்டது, அரிசிப்பானையைத் திறக்க மட்டுமே.

2018 நவம்பர் 16, நள்ளிரவு கடந்தபின், கஜாப் புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையேறிற்று. காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். அன்று பன்னிரண்டு வயதினராயிருந்த நண்பர் கூறக் கேட்டோம்: அக்கம்பக்கத்துக் கீற்று வீட்டாரும் ஓடிவரப் பதினேழு பேர் அவ்வொரு கூடத்தில் ஒண்டினர், ஆடவர் நால்வர் கதவை முதுகால் தாங்கி நின்றனர், கொட்டகை அரைமணிக்குள் பறந்தது. விடிந்தபின் வெளிப்போந்து பார்க்க, தென்னைகள் தலையற்றும் வேரற்றும் கிடந்தன, வீடு நின்றது. அடுத்த திங்களே பாட்டியார் மீண்டும் கொட்டகை போடுவித்தாராம்.

“ஆயா, அந்த வீடுதானே உங்களைக் காப்பாற்றியது?” என்றோம்.

“காப்பாத்துனது மெய்தான் தம்பி. அது ஒரு ராத்திரி. மத்த ராத்திரியெல்லாம் அதுக்குள்ள நான் வெந்து போறேனே, அதை யாரு கேட்டா?” என்றார்.

அவ்வினா எம்மை விட்டகலவில்லை. பாட்டியார் கூற்றைப் பழமையிற் பற்றுடைமை எனத் தள்ளிவிடுதல் எளிது, நியாயமன்று. புயலின் நாள் ஆண்டிற் சிலவே. வெயிலின் நாளோ எண்ணில. வெம்மை தாளாது மாந்தர் வெளியேறிய வீடு, புயல் வருமிரவில் அவர்களைத் தன்னுள்ளே கொண்டிராது. முதியோரும் நோயாளரும் கடைசிக் கணம்வரை கீற்றின் கீழே கிடப்பர். ஆகலின் கடற்கரை வீட்டின் சுவர் இரண்டு பகைவரையும் ஒருங்கே எதிர்க்கவேண்டும்.

புயல் வீட்டை எவ்வாறு அழிக்கின்றது? காற்றின் வேகம் இருமடங்காயின் அதன் தாக்கு நான்மடங்காம். அன்றியும் அது சுவரைத் தள்ளுவதோடமையாது, கூரைமீது விரைந்தோடி அதனை மேல்நோக்கி உறிஞ்சும். 1964 டிசம்பரில் அழிந்த தனுஷ்கோடியின் மாதாகோயிலைப் படத்திற் கண்டவர் இதனை உணர்வர்: பவளப்பாறைக் கற்சுவர்கள் நிற்கின்றன, கூரை இல்லை. கூரையைச் சுவரோடும் சுவரைக் கடக்காலோடும் ஒரே உடம்பாகப் பிணைத்தாலன்றிப் பயனில்லை. கஜாவுக்கு ஒரு திங்கள் முன்னர், 2018 அக்டோபர் 10 அன்று, அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கரையில் மெக்சிகோ பீச் என்னும் ஊரை மைக்கேல் புயல் தாக்கியபோது, அண்டை வீடுகள் தரைமட்டமாகவும், ஆழ ஊன்றிய உயர்தூண்களின்மேல் வார்ப்புக் கான்கிரீட்டாற் கட்டிய வீடொன்று நிலைத்து நின்றது. அது செல்வர் ஓய்வுகொள்ளும் மாளிகை. நம் குப்பத்தார்க்கு அதன் செலவு ஆகாது. பிணைப்பின் முறை ஆகும்.

இனி வெம்மை. நாம் தெர்மோகோல் என வழங்கும் பாலிஸ்டைரீன் நுரை, பருமனிற் பெரும்பகுதி காற்றே. அது வெப்பத்தைக் கடத்துவது கான்கிரீட்டு கடத்துவதில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்குதான். இதனைச் சுவரிற் புகுத்தும் வகை இரண்டு. நுரைப்பலகையின் இருபுறமும் கம்பிவலை பொருத்தி, அவற்றின்மேல் சிமெண்டுக் கலவையைப் பீச்சிப் பூசுதல் ஒன்று. நுரையையே வெற்றச்சுக் கட்டிகளாக்கி, அடுக்கி, நடுவே கம்பியிட்டுக் கான்கிரீட்டை வார்த்து, அச்சைக் கழற்றாது விட்டுவிடுதல் மற்றொன்று. பின்னதற்குக் கனடா நாட்டில் 1966-இலேயே காப்புரிமை கோரப்பட்டது. நம் நாட்டிலும் இவ்வகை முயற்சிகள் இல்லாமலில்லை. ஒன்றிய அரசு 2021-இல் ஆறு நகரங்களில் புதுமுறை வீடுகளுக்கு அடிக்கல் நாட்டிற்று. சென்னைப் பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள் முன்வார்ப்புக் கான்கிரீட்டால் எழுந்தன. நடுவே வெப்பத்தடைப் பொருள் வைத்த பலகைச் சுவரோ, கடலின் வாடையே படாத இந்தூருக்கு வாய்த்தது!

இவ்விரண்டனுள் கடற்கரைக்கு யாம் தேர்வது இரண்டாவதையே. காரணம் உப்பு. கடற்காற்றிலுள்ள உப்பு கான்கிரீட்டினுட் புகுந்து கம்பியைத் துருவேற்றும். துரு இரும்பினும் பருத்தலின் உள்ளிருந்தே சுவரைப் பிளக்கும். நண்பர் வீட்டுக் கூடத்தின் விதானத்தில் காறை பெயர்ந்து, கம்பிகள் விலாவெலும்புபோல் வெளித்தோன்றக் கண்டோம். கடற்கரையில் கம்பிமேல் 45 மில்லிமீட்டர்க் கான்கிரீட்டாவது மூடியிருத்தல் வேண்டுமென்பது இந்தியத் தரநூலின் விதி. பூச்சுமுறையில் வலை மெல்லிய கலவையுள் அமைவதால் நாகம் பூசிய வலையன்றி வேறு ஆகாது. அச்சுமுறையிலோ கம்பி சுவரின் நடுவயிற்றிலே பத்திரமாயிருக்கும். நுரையும் வெளியே போர்வையாகும். ஆயின் எம்முறையாயினும், கிணற்று உவர்நீரால் கலவை குழைப்பார்க்கு எந்நூலும் உதவாது. அங்ஙனம் குழைத்தமைதான் அக்குப்பத்து வீடுகள் பலவற்றின் நோய் என்று ஊர்க் கொத்தனார் ஒருவர் தாழ்ந்த குரலிற் கூறினார்.

சுவரை மட்டும் பேணுவதும் போதாது. உச்சிவெயில் விழுவது தளத்தின்மேல். நம் முன்னோர் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டுத் தளத்தைப் பல நாள் அடித்துக் கட்டியது மழைக்காக மட்டுமன்று. ஒழுகாத தளமே வேகாத தளமாகவும் இருந்தது. சிக்கனம் நாடி முதலில் வெட்டப்படுவதும் அதுவே.

இவற்றையெல்லாம் நான்கு இரவும் நண்பரின் தமையனாரோடு பேசினோம். கடலில் எட்டாண்டு உழைத்துச் சேர்த்த பணம் அவருடையது. பழைய வீட்டை இடித்துப் புதிது கட்டக் கருதியிருந்தார். பின்னர் அவர் நாகப்பட்டினத்திலும் திருவாரூரிலும் உசாவியும், நுரையச்சுச் சுவர் கட்டிப் பழகிய கொத்தனார் ஒருவரும் அகப்படவில்லை. ஆகவே, மூலைதோறும் கான்கிரீட்டுத் தூண். நடுவே இரண்டங்குல இடைவெளி விட்டு, துருவேறாக் கம்பியாற் பிணைத்த இரட்டைச் செங்கற்சுவர். தளத்தின்மேல் நுரைப்பலகை, அதன்மேல் வெள்ளோடு என்று முடிவாயிற்று. நன்னீர் லாரியில் வரும். வைகாசியிற் கடக்கால் தோண்டுவதாக நண்பர் எழுதியுள்ளார். தென்புறத்தில் கொட்டகைக்கு ஆறடி விட்டுக் கட்டுமாறு பாட்டியார் சொன்னாராம், தமையனாரும் விட்டிருக்கிறார்.