ஓர் அங்குல உயரம்

அட்டாளைச்சேனை என்னும் ஊர்ப்பெயரைக் கேட்கும்போதெல்லாம் எமது மனக்கண்ணில் ஒரு காட்சி தோன்றும். சேனைப் பயிரை யானையும் பன்றியும் அழித்துவிடாதபடி நான்கு கால்களை நட்டு, அவற்றின்மேல் பரண் கட்டி, இரவெல்லாம் விழித்திருந்து காவல் செய்த உழவனின் காட்சியே அது. அந்தப் பரணுக்குத்தான் அட்டாளை என்று பெயர். உயரத்தில் இருப்பவனுக்கு அச்சம் குறைவு என்பதை அவ்வுழவன் அறிந்திருந்தான். அட்டாளையில் ஏறுவதற்கு ஏணியும் வேண்டும் என்பதையும் அவன் அறிந்திருந்தான். நாமோ அந்த இரண்டாவது உண்மையை, ஒரு பழைய வானை உயர்த்தப் புறப்பட்ட பின்னரே கற்றுக்கொண்டோம்.

எமது இல்லம் ஆலையடிவேம்பில் உள்ளது. ஆசிரியப் பணி அட்டாளைச்சேனையில். எம்மிடம் டொயோட்டா ஹயேஸ் வகையைச் சேர்ந்த, நம்மவர் 'டொல்பின்' என்று செல்லமாக அழைக்கும் வான் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அதன் பின்னாசனங்களைக் கழற்றிவிட்டு, படுக்கைப் பலகை ஒன்றும், சிறு அலுமாரியும், எரிவாயு அடுப்பும், நூறு லீற்றர் கொள்ளும் தண்ணீர்ப் பீப்பாவும் அமைத்துக் கொண்டோம். எம் மாணவர்கள் அதற்கு 'நடமாடும் மடம்' என்று பெயர் சூட்டினர். பெயர் பொருத்தமானதே. அதனை அமைத்ததன் நோக்கமும் யாத்திரையே.

எமது அன்னைக்கு எழுபத்தைந்து வயது கடந்துவிட்டது. அறுபதுகளில், சிறுமியாய் இருந்த காலத்தில், தம் பெற்றோருடன் உகந்தையிலிருந்து குமணக் காட்டினூடாகக் கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் சென்றவர் அவர். பின்னர் போர் வந்தது. 1985 முதல் 2003 வரை அந்த வனம் மூடிக்கிடந்தது. வனம் திறந்தபோது அன்னையின் முழங்கால்கள் மூடிக்கொண்டன. எனினும், ஆண்டுதோறும் யாத்திரிகர் காட்டினுள் புகும் வேளையில் உகந்தையில் நின்று அவர்களை வழியனுப்ப வேண்டும் என்ற ஆசை மட்டும் அவரை விட்டு அகலவில்லை. படுத்தபடியே செல்லக்கூடிய வானை அவருக்காகவே அமைத்தோம்.

முதற் பயணமே எம்மை நாணச் செய்தது. அக்கரைப்பற்றிலிருந்து தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி வழியாகப் பொத்துவில் வரையும் நெடுஞ்சாலை. இடர் ஒன்றும் இல்லை. பாணமையைக் கடந்து கிறவல் வழியில் சென்றபோதுதான் சோதனை வந்தது. கனரக வாகனங்களின் சக்கரங்கள் உழுத இரு பள்ளங்களுக்கு நடுவே மண் மேடாக எழுந்திருந்தது. அம்மேட்டின்மேல் எமது வானின் வயிறு தங்கிவிட்டது. பின்சக்கரங்கள் வெறுமனே சுழன்றன. வெறுங்காலுடன் நடந்துவந்த அடியார்கள் எட்டுப்பேர், தம் மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு, முதலில் எம் அன்னையைக் கைத்தாங்கலாக இறக்கினர். பின்பு வானைத் தள்ளினர். நடப்பவர்களுக்கு உதவச் சென்ற நாம், நடப்பவர்களின் தோள்வலியால் வீடு திரும்பினோம். அன்னை அன்று உகந்தையைக் காணவில்லை.

அடுத்த ஆண்டுக்குள் வானை உயர்த்திப் பெரிய டயர் பூட்டியே தீருவதென்று உறுதி கொண்டோம். உயர்தர வகுப்பில் பயிலும் எம் மைந்தன் அவுஸ்திரேலியப் பாலைவனங்களில் ஓடும் வான்களின் படங்களைக் காட்டி, "அப்பா, நாலு அங்குலமாவது உயர்த்த வேணும்" என்றான். அந்த வாகனங்களின் கம்பீரம் எம்மையும் மயக்கியது என்பதை மறைப்பதற்கில்லை.

அட்டாளைச்சேனையில் கராஜ் வைத்திருக்கும் முதியவர் ஒருவரிடம் சென்றோம். அவரை நாம் காக்கா என்றே அழைப்போம். எமது திட்டத்தை முழுவதும் கேட்டுவிட்டு, அவர் சுத்தியலை எடுக்கவில்லை. அளவு நாடாவைத்தான் எடுத்தார். ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதியிலிருந்தும் அதற்கு நேர்மேலே உள்ள உடலின் வளைவு வரை அளந்தார். பின்பு, பக்கத்தில் வெறுமையாய் நின்ற மற்றொரு டொல்பின் வானையும் அளந்தார். எமது வானின் முன்புறம் அரை அங்குலமும் பின்புறம் இரண்டரை அங்குலமும் தாழ்ந்திருந்தன. பின்பு பீப்பா, அடுப்பு, அலுமாரி எல்லாவற்றையும் இறக்கச் சொல்லி மீண்டும் அளந்தார். பின்புறம் ஒன்றரை அங்குலம் எழும்பியது.

"பாத்தீங்களா சேர்? உங்கட வான் கட்டையாப் பொறக்கல்ல. நீங்க ஏத்தின சுமைதான் பாதி. ஸ்பிரிங்குக்கு வந்த வயசு மீதி. மொதல்ல வான நேராக்குவம். உசத்திறத்தப் பொறகு யோசிப்பம்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிய நுட்பத்தை மாணவர்களுக்காகச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். நூறு லீற்றர் தண்ணீரின் நிறை நூறு கிலோ. அதனைப் பின்னச்சுக்கும் அப்பால், வானின் வாலில் வைத்திருந்தோம். துலாவின் நுனியில் தொங்கும் வாளியைப் போல, அது பின்புறத்தை அழுத்தி முன்புறத்தை இலேசாக்கும். முன்சக்கரம் தரையை அழுந்தப் பற்றாவிடில் திருப்பும் ஆற்றல் குறையும். முன்விளக்குகள் எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யும். ஆகவே பீப்பாவை ஓட்டுநர் ஆசனத்தின் பின்னே கொண்டுவந்தார் காக்கா. கூலியில்லாமற் செய்த முதற் சிகிச்சை அதுவே.

பின்புறத்தில் வானைத் தாங்குபவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகு வில்தகடுகள். அவற்றுள் ஒன்று முறிந்திருந்தது; ஏனையவை வளைவிழந்திருந்தன. வில்லின் பின்முனையைத் தாங்கும் தொங்குதகட்டை நீளமாக்கி விட்டால் இலகுவில் உயருமே என்றோம். காக்கா சிரித்தார். அத்தகட்டை இரண்டு அங்குலம் நீட்டினால், வில்லின் ஒரு முனை மட்டுமே இறங்குவதால், வான் உயர்வது ஓர் அங்குலமே. வில்லின் சாய்வு மாறி ஓட்டமும் கெடும். ஆதலால் முறிந்த தகட்டை மாற்றி, ஏனையவற்றைத் தட்டி வளைவேற்றினார். அவற்றை உலையில் இட்டுப் பழுக்கக் காய்ச்ச அவர் உடன்படவில்லை. முறைப்படி மீண்டும் பதம் ஏற்றாவிடில், காய்ச்சிய எஃகு தன் மீள்சக்தியை இழந்துவிடும் என்பது அவர் கூறிய காரணம். இழந்திருந்த ஓர் அங்குலம் திரும்பி வந்தது.

முன்புறத்தில் இருப்பது முறுக்குக் கம்பி. நீண்ட எஃகுத் தண்டின் ஒரு முனை சக்கரத்தைத் தாங்கும் கையிலும், மறுமுனை ஒரு மறையாணியாலும் பிணைக்கப்பட்டிருக்கும். ஆணியை இறுக்கினால் முன்புறம் உயரும். பார்வைக்கு எளிய வேலை, அதனாலேயே அபாயமானது. அளவுக்கு மிஞ்சி இறுக்கினால், சக்கரம் பள்ளத்தில் கீழே இறங்குவதற்கு இடமின்றிப் போகும். ஒவ்வொரு குழியிலும் வான் இடியுண்டு அதிரும். மூட்டுகள் விரைவில் தேயும். சக்கரங்களின் நேர்மை குலைந்து டயரின் ஓரம் அரைபடும். காக்கா அரை அங்குலத்துடன் நிறுத்திக்கொண்டு, 'வீல் எலைமன்ட்' பார்த்து வரும்படி பணித்தார்.

பின்னச்சின் அருகே இருந்த சிறு கருவி ஒன்றையும் அவர் காட்டினார். பின்புறம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைக்கொண்டு சுமையை ஊகித்து, பின்சக்கரங்களுக்குச் செல்லும் பிறேக் விசையைக் கூட்டவும் குறைக்கவும் செய்வது அது. வானின் பின்புறத்தை மனம்போல உயர்த்திவிட்டால், சுமை ஏற்றியிருந்தும் வண்டி வெறுமையாயிருக்கிறது என்று அக்கருவி ஏமாந்துபோகும். பிறேக் பிடிக்க வேண்டிய வேளையில் பிடிக்காது. எம் மைந்தனின் முகம் அப்போதுதான் சிந்தனையில் ஆழ்ந்தது.

எஞ்சியது டயர். மேட்டில் தங்கியது வானின் உடலன்று. பின்னச்சின் நடுவே பருத்திருக்கும் 'டிபரன்சல்' என்னும் இரும்புக் குடமே. ஸ்பிரிங்கை எத்தனை அங்குலம் உயர்த்தினாலும் அக்குடம் ஒரு மயிரிழையும் உயராது; அது சக்கரங்களின் அச்சிலேயே அமர்ந்திருப்பது. அதனை உயர்த்த வல்லது டயர் ஒன்றே. எம்மிடமிருந்த 195/70 ஆர் 15 டயரின் விட்டம் 654 மில்லிமீற்றர். 215/75 ஆர் 15 டயரின் விட்டம் ஏறக்குறைய 704 மில்லிமீற்றர். வித்தியாசம் 50 மில்லிமீற்றர். அதில் பாதியே தரைக்கும் குடத்துக்கும் இடையே கூடும். ஆக, இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் கிடைக்கும் பலன் ஓர் அங்குலம்! டயர் பருத்தால் வேகமானியும் பொய்யுரைக்கும்; அது அறுபது காட்டும்போது வான் அறுபத்துநான்குக்கு மேல் ஓடும்.

"ஓர் அங்குலம் போதுமா?" என்று மைந்தன் ஏங்கினான். அவன் மனம் நான்கு அங்குலத்திலேயே நின்றது. எமது மனமும் அவ்வாறே.

காக்கா மறுமொழி கூறவில்லை. நான்கு மூலைகளிலும் ஜக் வைத்து, வானை நாம் கேட்ட உயரத்துக்கு எழுப்பிக் கட்டைகளால் முட்டுக் கொடுத்தார். "நாளைக்கு அம்மாவக் கூட்டிட்டு வாங்க சேர்" என்றார்.

மறுநாள் அன்னை வந்தார். கம்பீரமாக நின்ற வானைப் பார்த்தார். பக்கக் கதவின் விளிம்பில் கையை வைத்து, ஒரு காலைத் தூக்கினார். கால் எட்டவில்லை. இரண்டாம் முறை முயன்றார். மைந்தன் தாங்கிப் பிடிக்க ஓடினான். அவர் கையசைத்து அவனைத் தடுத்துவிட்டு, எம்மை நோக்கி, "வடிவா இரிக்கு மகன். நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. நான் வீட்டில நிக்கிறன்" என்றார். குரலில் சினமில்லை, முறைப்பாடும் இல்லை. அதனாலேயே அது எம்மைச் சுட்டது.

யாருக்காக இந்த வான் என்ற கேள்வியை அதுவரை எவரும் எம்மிடம் கேட்கவில்லை, நாமும் கேட்டுக்கொள்ளவில்லை. கல்லூரியில் மாணவர்களுக்கு, 'வினாவைச் சரியாக வாசித்த பின்னர் விடை எழுதுக' என்று நாள்தோறும் போதிக்கும் நாம், எம் வினாவையே வாசியாமல் விடை எழுதிக்கொண்டிருந்தோம்.

ஜக்குகள் இறங்கின. ஓர் அங்குலமே முடிவாயிற்று. பெரிய டயர்களைப் பூட்டி, சக்கரத்தை இரு புறமும் முற்றாகத் திருப்பி, அது உடலில் உராயாததைக் காக்கா உறுதி செய்தார். கதவின் கீழே மடித்து மேலே தூக்கிவிடக்கூடிய இரும்புப் படி ஒன்றும், உள்ளே பற்றிக்கொள்ளக் கைப்பிடி ஒன்றும் அவரே அமைத்தார். இதனினும் பெரிய மாற்றங்களை நாடுவோர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முன்கூட்டியே விசாரித்து அனுமதி பெறுதல் முறை என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

இவ்வாண்டு உகந்தைக்குப் புறப்பட்டோம். பாணமையில் வானை நிறுத்தி, காக்கா சொல்லியனுப்பியபடி டயர்களின் காற்றைச் சிறிது இறக்கினோம். காற்றிறங்கிய டயர் நீண்டு பரந்து தரையைப் பற்றும்; மணலில் ஆழ்ந்துவிடாது. அவ்வழியில் மெதுவாகவே செல்ல வேண்டும். தார்வீதிக்குத் திரும்பியதும் காற்றை மீண்டும் நிரப்பிவிட வேண்டும். சென்ற ஆண்டு தங்கிய அதே மேட்டில் குடம் ஒருமுறை உராய்ந்தது. மூச்சை அடக்கிக்கொண்டோம். வான் தங்கவில்லை.

உகந்தையில் முருகன் ஆலயத்தின் அருகே கதவைத் திறந்து படியை இறக்கினோம். அன்னை கைப்பிடியைப் பற்றி, எவர் தோளையும் நாடாமல், ஒவ்வோர் அடியாக இறங்கி மணலில் நின்றார். வள்ளியம்மை குடிகொண்ட பாறையை நிமிர்ந்து நோக்கிக் கைகூப்பினார். யாத்திரிகர் "அரோகரா" என்று முழங்கிக்கொண்டு காட்டு வழியை நோக்கி வரிசையாய்ச் சென்றனர். அன்னை வானருகே நாற்காலியில் அமர்ந்து, பீப்பாவிலிருந்து செம்பு செம்பாக மொண்டு வருவோர்க்கெல்லாம் தண்ணீர் கொடுத்தார். பொழுது சாயுமுன் பீப்பா வற்றிவிட்டது.

திரும்பிய மறுநாள் நன்றி கூறக் கராஜுக்குச் சென்றோம். காக்கா வானைச் சுற்றி வந்தார், வழக்கம்போல நாடாவை எடுத்து அளந்தார், நெற்றியைச் சுருக்கினார்.

"முன்பக்கம் கொஞ்சம் உசந்திரிக்கே. தண்ணி எங்க சேர்?"

நடந்ததைக் கூறினோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு நாடாவைச் சுருட்டிச் சட்டைப் பையில் இட்டுக்கொண்டு சொன்னார்:

"அப்ப அடுத்த வருசம் இன்னம் பெரிய பீப்பா ஒண்டு வெப்பம். ஸ்பிரிங்க நான் பாத்துக்கிறன்."