அத்தா எழுதி வைத்த கணக்கு



எல்லோரும் இறைவனிடமே மீள வேண்டியவர்கள் என்பதை எத்தனையோ ஜனாஸாக்களில் கேட்டிருக்கிறோம். பிறருக்கு ஆறுதலாகச் சொல்லியும் இருக்கிறோம். அச்சொல் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து நின்ற நாளில்தான் அதன் கனத்தை உணர்ந்தோம். எங்கள் அத்தா வஃபாத்தாகி ஓராண்டு நிறைவடைகிறது. அம்மாவும் பிள்ளைகள் மூவரும் சேர்ந்தமர்ந்து, பேசிப் பேசி எழுதியது இது. அத்தாவைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. அவருடைய மரணம் எங்களுக்குக் கற்பித்தது வேறு குடும்பங்களுக்கும் பயன்பட வேண்டும் என்பதே எங்கள் எண்ணம்.

பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டை அறியாத வியாபாரி இப்பகுதியில் இருக்க மாட்டார். சுற்றியுள்ள ஊர்களிலிருந்தெல்லாம் விவசாயிகள் கூடை கூடையாகத் தக்காளியைக் கொண்டுவருவார்கள். அங்கே ஒரு மண்டியில் இருபத்தாறு ஆண்டுகள் கணக்கு எழுதியவர் அத்தா. சுபுஹு தொழுகையை ஜமாஅத்துடன் முடித்துக்கொண்டு நேரே மண்டிக்குச் செல்வார். விலை நன்றாக இருக்கும் நாளில் மார்க்கெட்டே கலகலப்பாக இருக்கும். விலை சரிந்த நாளிலோ பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடப் பணம் தேறாது; மனம் வெறுத்துச் சரக்கைச் சாலையோரத்தில் கொட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அப்படிப்பட்ட நாள்களில் அத்தா வீட்டுக்கு வந்தும் வெகுநேரம் பேசாமல் இருப்பார். காரணம் கேட்டால், “இன்றைக்கு நான் எழுதிய கணக்கெல்லாம் அடுத்தவனுடைய கண்ணீர்” என்பார்.

வீட்டில் அவர் வேறு மனிதர். லுஹருக்குப் பின் வந்ததும் குளித்துவிட்டு, அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுப்பார். காய்ந்த துணிகளை மடித்து வைப்பார். உறவினர் எவரேனும் கேலி செய்தால் சிரித்துக்கொள்வார். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வினவப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் துணையாக இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று அன்னை விடையளித்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. அத்தா அந்த நபிமொழியை எங்களுக்குப் பாடமாக நடத்தியதில்லை. வெங்காயம் உரித்துக் காட்டியதோடு சரி.

அன்று இரவு இஷா தொழுதுவிட்டு வந்தவர், நெஞ்சை ஏதோ அழுத்துகிறது என்றார். இடது தோளும் கையும் கனப்பதாகச் சொன்னார். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. வாயுத் தொல்லை என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். அம்மா ஓம நீர் கொடுத்தார். தம்பி ஓடிப்போய்ச் சோடா வாங்கி வந்தான். “காலையில் சரியாகிவிடும், எல்லோரும் தூங்குங்கள்” என்றார் அத்தா. நாங்களும் தூங்கினோம். சுபுஹுக்குச் சற்று முன், ஒளு செய்துவிட்டு முஸல்லாவில் அமர்ந்தவர் அப்படியே சாய்ந்தார். 108 ஆம்புலன்ஸ் வந்து, தருமபுரிக்குச் செல்லும் வழியிலேயே உயிர் பிரிந்தது. அவருக்கு வயது ஐம்பத்து நான்கு.

தம்பியும் சிறிய தந்தையும் குளிப்பாட்டினார்கள். மூன்று வெள்ளைத் துணிகளில் கஃபனிட்டார்கள். தொழுகைக்கு முன் ஹஜ்ரத் தம்பியை அழைத்து, “உன் அத்தாவுக்குக் கடன் இருந்தால் நீ பொறுப்பேற்கிறாயா?” என்று கேட்டார். கடன்பட்டு இறந்த ஒருவருக்குத் தொழவைக்க நபி (ஸல்) அவர்கள் முன்வராமல் நின்றதையும், அபூ கதாதா (ரலி) அக்கடனைத் தாம் ஏற்ற பின்னரே தொழவைத்ததையும் அறிந்திருந்த தம்பி, குரல் நடுங்க, “நானே பொறுப்பு” என்றான். எவ்வளவு கடன் என்பது அப்போது எங்களில் எவருக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் அவருடைய துணிப்பையில் நீல அட்டை போட்ட நீளக் கணக்கேடு ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் ‘கொடுக்க வேண்டியது’, மறுபக்கம் ‘வர வேண்டியது’. கொடுக்க வேண்டியதில் மூன்றே வரிகள். அக்காவின் நிக்காஹுக்காக நண்பரிடம் வாங்கிய நாற்பதாயிரம் ரூபாய் அவற்றுள் பெரியது. வர வேண்டிய பக்கத்தில் பதினொரு விவசாயிகளின் பெயர்கள் இருந்தன. எல்லாம் விலை விழுந்த காலங்களில் விதைக்கும் உரத்துக்கும் கொடுத்த கைமாற்று. அவற்றுள் நான்கு பெயர்கள் சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, அருகே தேதியுடன், ‘அல்லாஹ்வுக்காக விட்டுவிட்டேன்’ என்று எழுதப்பட்டிருந்தது.

ஐந்தாம் நாள் முதியவர் ஒருவர் வந்தார். ஐந்தாயிரம் ரூபாயை வேட்டி மடிப்பிலிருந்து எடுத்து நீட்டினார். அவருடைய பெயர் அடிக்கப்பட்ட நான்கில் ஒன்று. ஏட்டைக் காட்டி, இது மன்னிக்கப்பட்டுவிட்டது என்றோம். “பாய் எழுதினது பாயோட மனசு. நான் வாங்கினது எனக்குத் தெரியுமே” என்று அழுதார். ஹஜ்ரத்திடம் கேட்டோம். உயிரோடிருக்கும்போதே மனமுவந்து விட்டுக்கொடுத்த கடன் வாரிசுகளுக்குச் சேராது என்றார். பெரியவரோ பணத்தைத் திரும்பப் பெற மறுத்துவிட்டார். இறுதியில் அவருடைய விருப்பப்படியே, அத்தாவின் பெயரில் தர்மமாக, மார்க்கெட்டுக்கு வருவோர் குடிக்கத் தண்ணீர்த் தொட்டி வைக்க அத்தொகை பயன்பட்டது.

கடனை அடைத்த பிறகே சொத்து என்பது குர்ஆனின் கட்டளை. சேமிப்பிலிருந்ததையும் அவருடைய பழைய டி.வி.எஸ். வண்டியை விற்றதையும் கொண்டு மூன்று கடன்களையும் தீர்த்தோம். எஞ்சியதை ஹஜ்ரத் முப்பத்திரண்டு பங்காகக் கணக்கிட்டார்: அம்மாவுக்கு எட்டில் ஒன்றாக நான்கு, தம்பிக்குப் பதினான்கு, சகோதரிகள் இருவருக்கும் ஏழு ஏழு. சிறிய வீடுதான். ஆனாலும், “பெண் பிள்ளைகளுக்குச் சீர் செய்தாகிவிட்டதே, பங்கு எதற்கு?” என்று ஒரு குரல் உறவில் எழுந்தது. அம்மா ஒரே வார்த்தையில் அதை அடக்கினார்: “அல்லாஹ் கொடுத்ததை எடுக்க நாம் யார்?”

இவ்வளவு உறுதியான அம்மாவால் ஒன்றை மட்டும் தாங்க முடியவில்லை. இத்தா இருந்த நான்கு மாதம் பத்து நாள்களும், “அன்று இரவே அழைத்துப் போயிருந்தால்...” என்பதே அவருடைய வாயில் இருந்தது. ‘அப்படிச் செய்திருந்தால்’ என்னும் சொல் ஷைத்தானுக்கு வாசலைத் திறந்துவிடும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை ஹஜ்ரத்தின் மனைவி வந்து எடுத்துரைத்தார். “நடந்து முடிந்ததை விதியிடம் ஒப்படையுங்கள். நடக்கப் போவதில் முயற்சியைக் கைவிடாதீர்கள். இரண்டும் மார்க்கம்தான்” என்றார். அந்தச் சொல்தான் எங்களை மெல்ல எழுப்பியது.

ஆகவே இதைப் படிக்கும் உங்களுக்குச் சொல்கிறோம். நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமின்றி வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவற்றை வாயு என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே தெரியாமலும் மாரடைப்பு வரலாம். ஓம நீர் காய்ச்சும் நேரத்தில் 108-ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திராதீர்கள். மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவர்களும் நம் நபி (ஸல்) அவர்களே.

உம்மு ஸலமா (ரலி) அவர்களின் வரலாற்றை அம்மா இப்போது அடிக்கடி கேட்கிறார். உஹதுப் போரில் பட்ட காயம் ஆறியதுபோல் தோன்றி மீண்டும் திறந்ததால், ஹிஜ்ரி 4-இல் அபூ ஸலமா (ரலி) மறைந்தார். இழப்புக்கு நற்கூலியும் அதைவிடச் சிறந்த பகரமும் வேண்டும் துஆவை ஓத முற்பட்டபோது, அபூ ஸலமாவைவிடச் சிறந்தவர் யார் இருக்க முடியும் என்று அவருடைய உள்ளம் தயங்கியது. அந்தத் தயக்கம்தான் அம்மாவுக்கு ஆறுதல். கணவரை எண்ணி உருகுவது ஈமானின் குறைவன்று என்பதை அதிலிருந்து அவர் கண்டுகொண்டார். உம்மு ஸலமாவுக்குப் பகரமாக நபி (ஸல்) அவர்களே கணவராக வாய்த்தார்கள். அவருடைய மகன் உமர், நபியின் மடியில் வளர்ந்து, பிஸ்மில்லாஹ் கூறி, வலக்கரத்தால், தம் முன்னிருப்பதை உண்ணக் கற்றார். “எனக்குப் பகரம் இன்னொரு துணையாக வரவேண்டும் என்பதில்லை. பிள்ளைகள் மூவரும் கடனுக்கும் பங்குக்கும் சண்டையிடாமல் ஒரே தட்டில் சாப்பிடுகிறீர்களே, அதுவே எனக்குப் போதும்” என்கிறார் அம்மா.

அத்தாவின் ஏடு இல்லாதிருந்தால் அந்த ஒற்றுமை எங்களுக்கு வாய்த்திருக்குமா என்று ஐயுறுகிறோம். வஸிய்யத் செய்ய ஏதேனும் இருப்பவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள் கழிப்பதுகூடத் தகாது என்பது நபிவழி. இன்றிரவே ஒரு காகிதத்தை எடுங்கள். கொடுக்க வேண்டியதையும் வர வேண்டியதையும் எழுதுங்கள். மனைவியிடம் அது இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள். முடிந்தால், சில பெயர்களைச் சிவப்பு மையால் அடியுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் அத்தாவின் பிழைகளைப் பொறுத்து, அவருடைய கப்ரை விசாலமாக்குவாயாக. கணவரை இழந்த பெண்களுக்கும் தந்தையை இழந்த பிள்ளைகளுக்கும் நீயே பொறுப்பாளனாக இருப்பாயாக. ஆமீன்.