ஜாலி கோத்தியில் மூன்று ஃப்ளூகல்ஹார்ன்கள்

டிரம்பெட், கார்னெட், ஃப்ளூகல்ஹார்ன் மூன்றின் குழாயையும் நிமிர்த்தி நீட்டினால் ஏறத்தாழ ஒரே நீளம்தான் வரும்: ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதே வால்வுகள், அதே விரல் பிடி. பிறகு ஏன் டிரம்பெட் அதட்டுகிறது, ஃப்ளூகல் அருகில் உட்கார்ந்து பேசுகிறது?

கூம்புதான் காரணம் என்று எந்தப் புத்தகமும் சொல்லும். டிரம்பெட் குழாயில் பெரும்பகுதி நேர் உருளை, கடைசியில்தான் விரிகிறது. ஃப்ளூகலோ வால்வைத் தாண்டியதுமே விரியத் தொடங்கி வாய்வரை விரிந்துகொண்டே போகிறது. உருளைக் குழாயில் பலமாக ஊதும்போது அழுத்த அலையின் முகப்பு போகப்போகச் செங்குத்தாகிறது. அந்தக் கூர்மைதான் டிரம்பெட்டின் பளீர் ஓசை. கூம்பில் அலை பரவிப் பரவி வலுவிழப்பதால் கூர்மை அவ்வளவு சீக்கிரம் வராது. அதற்காக, கூம்பாக இருந்தாலே குழைவு வந்துவிடும் என்று நம்பிவிடவும் முடியாது. நாதஸ்வரமும் கூம்புதான், நாலு தெரு தாண்டிக் கேட்கிறது.

அந்தக் கூம்பைக் கையால் அடித்து உருவாக்குகிறவர்களைப் பார்க்கத்தான் மீரட்டின் ஜாலி கோத்திக்குப் போனேன். இந்தியக் கல்யாண பேண்டுகள் ஊதும் பித்தளைக் கருவிகளில் பெரும்பகுதி இந்தச் சந்துகளிலிருந்தே போகிறது. இராணுவ பேண்டில் இருந்த நாதிர் அலி 1885-இல் தொடங்கிய நிறுவனம் இந்தத் தொழிலை இங்கே வேர் பிடிக்கவைத்தது. மீரட் பியூகிளுக்கு 2025-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஃப்ளூகலின் வம்சமும் பியூகிளில்தான் தொடங்குகிறது. வால்வே இல்லாத அந்தப் படைக்குழலுக்கு 1810-இல் டப்ளினில் ஜோசப் ஹாலிடே சாவிகள் பொருத்தினார். பிறகு ஜெர்மானிய நாடுகளில் வால்வு ஏறியது. பாட்டனைச் செய்யும் ஊரில் பேரனைத் தேடிப் போவதில் தப்பில்லை.

நான் போன பட்டறை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. விசிறி வடிவில் வெட்டிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி, ஓரங்களில் பல் வெட்டிக் கோத்து, வெண்காரம் தூவிப் பற்றவைக்கிறார்கள். பிறகு அடி. தையல் தெரிந்த இடம் மழமழவென்று ஆகும்வரை அடி. அடிக்க அடிக்கப் பித்தளை விறைத்துப்போகும். நெருப்பில் காட்டி இளகவைத்து மறுபடி இரும்பு அச்சில் ஏற்றுவார்கள். பெல் என்று நாம் சொல்லும் விரிந்த வாயை (நாதஸ்வரத்தில் அணசு) கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு, நீண்ட கம்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு உடம்பின் முழுப் பாரத்தையும் கொடுத்து ஒருவர் அச்சோடு படியவைக்கிறார். தகடு எங்கே மெலிகிறது என்று அவருக்கு அளவுகோல் சொல்வதில்லை, தோள் சொல்கிறது.

குழாயை வளைப்பது தனி வேலை. உள்ளே ஈயத்தை உருக்கி ஊற்றி, ஆறியபின் வளைத்து, மறுபடி உருக்கி வெளியே வடிக்கிறார்கள். இல்லாவிட்டால் வளைவில் குழாய் நசுங்கிவிடும். அந்தப் புகையும் பாலிஷ் சக்கரத்துத் தூசியும் எங்கே போகின்றன என்று கேட்க வேண்டியதில்லை. மூக்கில் துணி கட்டியவரின் இமையெல்லாம் கறுப்பு. இந்தக் கருவிகளின் விலையைப் பேரம் பேசுகிறவர்கள் ஒரு தடவை இங்கே வந்து நிற்கலாம்.

என்னிடம் இரண்டு ஃப்ளூகல்கள் இருந்தன. ஒன்று என்னுடைய ஜப்பானியக் கருவி, மற்றது நண்பரின் பழைய பிரெஞ்சு குவனான். பட்டறையில் செய்ததோடு மூன்று. சோதித்து அனுப்பும் பெரியவரை எல்லோரும் உஸ்தாத் என்றார்கள். அவர் ஊத, நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

பிரெஞ்சுக் குழல் தாழ்ந்த சுரங்களில் புகைபோல எழுந்தது. மெதுவாக ஊதும்வரை அதற்கு ஈடில்லை. கொஞ்சம் அழுத்தினால் சுரம் கலைந்து ஓரம் கிழிகிறது. ஜப்பானியது ஒவ்வொரு சுரத்தையும் அதனதன் இடத்தில் வைத்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை, மயங்கவும் ஒன்றுமில்லை. அது என்னுடையது என்பதால் இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு. மீரட்டுக் கருவி அதிக மூச்சு கேட்டது. ஓசையில் கார்னெட்டின் சாயல். மேல் சுரங்களில் உதட்டால் சற்று இழுத்துச் சேர்க்க வேண்டியிருந்தது. ஆனால் சந்தின் இரைச்சலைத் தாண்டி வெளியே போனது அது ஒன்றுதான். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

உஸ்தாத் என் தோளைத் தட்டினார். "பாயி சாஹப், தகடு கொஞ்சம் கனம். ஊர்வலத்தில் விழுந்து எழுந்திருக்க வேண்டாமா? உங்கள் சாமான் பெட்டியில் பிறந்தது."

இதை நான் மறுக்கவில்லை. கருவியைத் தாளில் ஒப்பிடுகிறவர்கள் அது ஊதப்படும் இடத்தை மறந்துவிடுகிறார்கள். ஜாஸ்காரர்கள் கையில் ஃப்ளூகல் அறைக்கும் ஒலிவாங்கிக்கும் உரியது. மைல்ஸ் டேவிஸ் 1957-இல் ‘மைல்ஸ் அஹெட்’ தட்டை முழுக்க இதிலேயே வாசித்தார். ஜெனரேட்டரும் சரவெடியும் சூழ்ந்த மாப்பிள்ளை அழைப்பில் அந்தக் குரல் என்ன ஆகும்?

கையில் படும் வித்தியாசம் இன்னும் நுட்பம். பொதுவாக டிரம்பெட்டின் வால்வுத் துளை 11.7 மி.மீ. அளவில் இருக்கும்; ஃப்ளூகலில் பல கருவிகளுக்கு 10.5 மி.மீ. தான். குறுகிய துளையில் நுழைந்து 15 செ.மீ. வாயில் வெளியேறுவதால் முதலில் ஒரு தடையும் பிறகு திடீர் விடுதலையும் உதட்டுக்குத் தெரியும். சுருதி சேர்க்க டிரம்பெட்டைப்போல வளைந்த சறுக்குக் குழாய் கிடையாது. வாய்க்குழாயையே முன்பின் நகர்த்த வேண்டும். அதைவிட முக்கியம் வாய்ப்பகுதி. அதன் கிண்ணம் புனல்போல ஆழமாக இறங்கினால்தான் இந்தக் குரல். டிரம்பெட்டின் ஆழமில்லாத கிண்ணத்தைத் தந்து ஊதச் சொன்னேன்; மூன்று கருவியும் ஒரே தாய் பிள்ளைகளாகிவிட்டன, மூன்றும் கெட்ட பிள்ளைகள்.

பட்டறை முதலாளிக்கு என் ஒப்பீட்டில் அக்கறை இல்லை. குவனானின் வாய்க்குழாயை வாங்கி, வெர்னியரால் நாலைந்து இடத்தில் அளந்து, அட்டைப் பெட்டியின் மூடியில் எழுதிக்கொண்டார். தன் கருவியில் கூம்பு தொடங்கும் இடத்திலேயே அகலம் கூடியிருக்கிறது என்பதை நான் சொல்லாமலே கண்டுகொண்டார். புதிய அச்சு கடைய என்ன செலவாகும் என்று கடைசல்காரரிடம் விசாரித்தார்.

"செய்துவிடலாம், ஆனால் இதை யார் கேட்கிறார்கள்?" என்றார் கடைசல்காரர். "சீசன் முடியட்டும். யூஃபோனியம் வரிசைகட்டி நிற்கிறது."