பசையும் பருவமும்

தமிழிலக்கியம் கற்போர் அனைவரும் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்துச் சொல்ல அறிவர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் அவ்வரிசையை விடைத்தாளில் எழுதிப் புள்ளிகள் பெற்றவர்களுள் நானும் ஒருவன். ஆயினும், ஆவணியும் புரட்டாதியும் கார்காலம் என்று உரையாசிரியர் கூறுவதைப் படித்துவிட்டு, யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றின் தோட்டவெளியிலே போய் நிற்பவன் திகைப்படைவான். அம்மாதங்களில் அங்கு கருமுகிலைக் காண்பது அரிது. சோழகம் செம்மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருக்கும். மேற்குமலைச் சாரலில் நிற்பவனுக்கு அப்பகுப்புப் பொருந்தலாம். எமது நிலத்துக்கோ ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான மூன்று மாதங்களிலே வந்து சேர்கிறது. எம்மூர்க் கமக்காரரும் கடற்றொழிலாளரும் பருவத்தைக் காற்றின் பெயராலேயே சுட்டுவர்: சோழகம், கச்சான், கொண்டல், வாடை.

இதனை நான் நூலகத்தில் இருந்து அறிந்துகொண்டேன் எனச் சொல்வதற்கில்லை. அட்டையும் பசையும் மையும் கொண்டு அச்சுப்பதிவுகள் செய்யத் தொடங்கிய பின்னரே அது என் கைகளுக்குத் தெரிந்தது.

நான் கைக்கொள்ளும் முறைக்குக் கொலாகிராப் என்பது பெயர். அமெரிக்காவின் சியாற்றில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்திற் கற்பித்த கிளென் அல்ப்ஸ் என்பார் 1956 அளவில் அப்பெயரை வழங்கினார். பசை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லே அதன் முற்பகுதி. மரத்தைச் செதுக்கி அச்சு எடுப்பதும் செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுப்பதும் பொருளைக் கழித்துச் செய்யும் தொழில்கள். இது பெரும்பாலும் கூட்டிச் செய்யும் தொழில். தடித்த அட்டையொன்றில் வேண்டிய பொருள்களை ஒட்டி, மதுசாரத்திற் கரைத்த அரக்கை அதன்மேற் பூசி உலரவிட வேண்டும். பின்னர் மையை எங்கும் அப்பி, மெல்லிய வலைத்துணியால் துடைத்தால் மேடுகள் வெளுக்கும். பள்ளங்கள் மையைப் பிடித்துக்கொள்ளும். நனைத்து ஒற்றிய தாளை அதன்மேல் விரித்து, கம்பளி போர்த்து, இரண்டு உருளைகளுக்கிடையே செலுத்தினால், தாள் பள்ளங்களுக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். இடம் வலமாக மாறியிருக்கும். விரலால் தடவினால் மேடும் பள்ளமும் தாளிலே தட்டுப்படும். இதனைத் தமிழில் ஒட்டுப்பதிவு எனலாம் என்பது என் எண்ணம். கலைச்சொல்லாக்கக் குழுவொன்று கூடி இதனினும் கடினமான சொல்லொன்றைக் கண்டுபிடிக்கும் வரை அது பயன்படட்டும்.

ஒட்டுவதற்குரிய பொருள்களைத் தேடி நான் கடைக்குப் போவது குறைவு. கடற்கரை மணல், சாக்குத் துண்டு, அறுந்த மீன்வலை, தும்பு, காய்ந்த வடலியோலை, எல்லாவற்றுக்கும் மேலாகப் பன்னாடை. நன்னூலார் கடைமாணாக்கனுக்கு உவமையாக்கிய நெய்யரி என்பதற்குப் பன்னாடை என்றே பொருள் கொள்வர். நல்லதை ஒழுகவிட்டுக் கசட்டைப் பிடித்து வைப்பது அதன் குற்றமாம். அட்டையில் ஒட்டி மை பூசினால் அக்குற்றமே குணமாகிவிடுகிறது. அதன் இழைகளுக்கிடையே மை தங்கி, எந்தத் தூரிகையாலும் இழுக்கவியலாத ஆயிரம் கோடுகளாகத் தாளில் இறங்குகிறது.

வேப்பிலையை அப்படியே ஒட்டினால் வேப்பிலைதான் விழும். அது தாவரவியல் மாணவருக்கு உதவும். பருவத்தைச் சொல்ல உதவாது. கண் அதனை வேப்பிலை என்று இனங்கண்ட கணமே பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. ஆகவே இலையைக் கிழித்தும் நசுக்கியும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியும், அதன் பெயர் அதனை விட்டு நீங்கும்வரை மாற்றுகிறேன். அருவக் கலை இயற்கையினின்றும் விலகிச் செல்வது என்று சொல்வோர் உளர். ஒட்டுப்பதிவைப் பொறுத்தவரை இது பொருந்தாது. இயற்கைக் காட்சியை வரையும் ஓவியன் இலையைத் தொடாமலே வரைந்து முடிக்கலாம்; என் தாளிலோ இலையும் மணலும் தாமே அழுந்தியிருக்கின்றன. உருவம் போய்விட்டது, தொடுகை எஞ்சியிருக்கிறது.

பருவம் எனக்குப் பொருள் மட்டுமன்று, தொழிற்கூடத்தின் எசமானும் அதுவே. சோழகம் வீசும் நாட்களில் நனைத்த தாளை அச்சியந்திரம் வரை கொண்டு செல்லுமுன்னரே விளிம்புகள் உலர்ந்து சுருள்கின்றன. சன்னல்களை அடைத்துவிட்டு வியர்வையில் நனைந்தபடி வேலை செய்யவேண்டும். மாரியிலே அரக்குப் பூச்சு ஈரத்தை வாங்கி வெண்புகார் படிந்ததுபோல் மங்கும். அடுக்கி வைத்த ஈரத்தாள்களிற் சில நாட்களில் பூஞ்சணம் புள்ளியிடும். எனவே மாரியைப் பற்றிய அட்டையைக் கோடையிலே செய்து முடித்து, கோடையைப் பற்றிய தாளை மாரியிலே அச்சிடுதல் வசதியானது. இந்த முரண்பாடு எனக்குப் பிடித்தமானது.

ஆறு பொழுதுகளை நான் பதிக்கவில்லை. காற்றுக்கு ஒன்றாக நான்கு மட்டுமே. அவற்றுள் கொண்டலோடு வரும் மாரியைக் குறித்தது பற்றியே சிறிது சொல்ல விரும்புகிறேன். நாற்பத்தைந்து சென்ரிமீற்றர் அகலமும் முப்பது உயரமுமான அட்டை. கீழ்ப்பாதி முழுவதும் நெருக்கமாகத் தூவி ஒட்டிய மணல். அது மையை விழுங்கி அடர்ந்த கருமையாக விழும். மேற்பாதியிலே சரிவாகப் பன்னாடை, அதன்மேல் உரித்தெடுத்த அட்டையின் கீறல்கள். இரண்டுக்கும் நடுவே பசையை மட்டும் வழுவழுப்பாகத் தடவி விட்ட ஒடுங்கிய பட்டையொன்று. துடைக்கும்போது அதில் மை நிற்பதில்லை. ஆகவே அது தாளின் வெண்மையாகவே எஞ்சுகிறது.

இப்பதிவைப் பார்த்த பெரியையா நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "தம்பி, உந்த மழையிலை சனமெல்லோ நிண்டது? இதிலை ஒருத்தரையும் காணேல்லை" என்றார்.

அவர் எந்த மழையைச் சொன்னார் என்பது எனக்கு விளங்கியது. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிலே தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டனர். நாவற்குழிப் பாலத்தை அண்டிய வீதியில் இரவு முழுவதும் அடியடியாகவே நகர முடிந்தது, மழையும் பெய்தது. நான் பெரியையாவின் சைக்கிள் பாரிலே இருந்த சிறுவன். அவர் சைக்கிளை ஓட்டவில்லை, உருட்டினார். தோட்டத்திலே வெண்காயத்துக்குப் பண்படுத்திய நிலத்தை விட்டுவிட்டு வந்திருந்தார்.

வெண்பட்டை அவருக்கு அந்த வீதி. என் தாயாருக்கோ அது துலாக்கிணற்றிலிருந்து ஓடும் வாய்க்கால். கேட்டவுடனேயே அப்படித்தான் சொன்னார். ஆட்களைப் பதித்திருந்தால் அது அந்த இரவின் படமாக மட்டுமே இருந்திருக்கும். வாய்க்காலைப் பதித்திருந்தால் பெரியையா அந்த மழையிலே நடந்ததற்கு அதில் இடம் இருந்திராது. விதைப்புக்காக அண்ணாந்து பார்த்துக் காத்திருந்த மழையும், தலையிற் சாக்கைப் போட்டுக்கொண்டு நனைந்த மழையும் ஒரே காற்றோடு ஒரே மாதத்திலே வந்தவை. இவ்விரண்டையும் ஒரே தாளில் வைத்திருக்க உருவமற்ற அந்தப் பட்டைக்கு முடிகிறது. பெரியையாவுக்கு இந்த விளக்கம் திருப்தியளிக்கவில்லை. சனம் நின்றது சனம் நின்றதுதான் என்று சொல்லிவிட்டார். அவர் கூற்றை மறுக்கும் உரிமை எனக்கில்லை. ஆயினும் அட்டையை நான் மாற்றவில்லை.

தமிழ் கற்பிக்கும் நண்பரொருவர் இதனை உள்ளுறை என்றார். கருப்பொருளைக் காட்டி உரிப்பொருளை உணர்த்தும் மரபு தொடர்கிறதாம். ஏற்பதற்குச் சற்றுத் தயங்குகிறேன். உள்ளுறையிலே யானையும் வேங்கையும் தத்தம் பெயரோடு நிற்கின்றன. இங்கே பெயரே கழன்றுவிட்டது. பிற நாட்டார் செய்யும் எதனையும் நாம் முன்னரே செய்துவிட்டோம் என்று நிறுவும் ஆர்வம் எமது துறைகளில் மிகுதி. சங்கப் புலவரை அச்சியந்திரத்துக்கு அருகே இழுத்து வரவேண்டியதில்லை.

அட்டை செப்புத் தகடு போன்றதன்று. ஒவ்வோர் அழுத்தத்திலும் பன்னாடை சற்றே தட்டையாகிறது. மணல் சிறிது சிறிதாக உதிர்கிறது. பதினெட்டாம் பிரதியிலே கருமை சாம்பலாகிவிட்டது; வெண்பட்டையின் ஓரங்கள் மங்கிப் போயின. அத்துடன் நிறுத்தி, அட்டையைச் சுவரிலே சாத்தி வைத்தேன். முதற் பிரதியையே பெரியையாவுக்குக் கொடுக்க எண்ணியிருந்தேன். அவர் எல்லாவற்றையும் மேசையிலே பரப்பிப் பார்த்துவிட்டுக் கடைசியானதைத் தெரிந்தெடுத்தார். "இதிலை மழை விட்டிட்டுது" என்றார்.

வாடையின் அட்டை இன்னும் முடியவில்லை. பனிக்கு எதனை ஒட்டுவது என்பது தெரியாமல், சலித்த முருகைக்கல் தூளையும் முட்டைக்கோதையும் வெவ்வேறு துண்டுகளில் ஒட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.